‘எப்படி அடிபட்டது?’: வடஆற்காட்டில் இழப்பீடு தொடங்கும் இடம்

கையில் சுற்றிய லுங்கித் துணியில் ரத்தம் ஊற, ஒருவரை ஆட்டோவிலிருந்து இறக்கி அவசரப் பிரிவுக்குள் கூட்டி வருகிறார்கள். டூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: “எப்படி அடிபட்டது?” அடிபட்டவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி முந்திக்கொள்கிறார். “வீட்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சி சார்.” டாக்டருக்குத் தையல் போடும் அவசரம். எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறிய கணமே, பின்னால் வரவேண்டிய வழக்கில் பாதி கரைந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துத் தோல் ஊர்களில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. இழப்பீடு என்றதும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர், வக்கீல், ஹைகோர்ட்டு என்றுதான் நினைப்பு ஓடுகிறது. ஆனால் தொகை அங்கெல்லாம் போய்ச் சேரும் முன்பே, விபத்து நடந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள், ஆஸ்பத்திரிச் சீட்டிலும் சம்பளப் பட்டியலிலும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நம்மூர்த் தொழிலாளிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சட்டம் கேட்கும் காகிதத்தில்தான் அவர் பெயர் இருப்பதில்லை.

வடஆற்காடு என்று இன்னும் சொல்வது பழக்கதோஷம். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, மிச்சம் பிறகு வேலூர் மாவட்டம் ஆனது, 2019-ல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக உடைந்தது. வேலை மட்டும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் டேனரிகள், ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள், குடியாத்தத்தில் தீப்பெட்டியும் பீடியும், காட்பாடியில் வெடிமருந்து ஆலை, மலையடிவாரங்களில் கல்குவாரி. ஆபத்தான வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது தோல் என்பதால் பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன்.

டேனரிக்குள் அடிபடும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவும் பிளஷிங் மிஷின், தோலின் கனத்தைச் சமன் செய்யும் ஷேவிங் மிஷின், இரண்டிலும் சுழலும் உருளையில் சுருள் கத்தி. தோல் வழவழவென்று நழுவும். அதைப் பிடித்து உள்ளே கொடுப்பவரின் விரலுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு தகட்டு மறைப்பு மட்டும் நிற்கிறது. அந்தத் தகடு இருந்தால் வேலை மெதுவாகும். எண்ணிக்கைக்குக் கூலி என்கிற இடத்தில் தகடு எத்தனை நாள் தங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷூ கம்பெனியில் தோலை அச்சு வைத்து வெட்டும் கிளிக்கிங் மிஷினில் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஒரு பட்டனை டேப் ஒட்டி அழுத்தியே வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். அந்த மிச்சக் கைதான் அச்சுக்கு அடியில் போகிறது.

இதற்கெல்லாம் மேலான ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். குரோம் பதனிடும் முன் தோலை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். இந்த இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்றில் அதன் அளவு பத்து லட்சத்துக்கு நூறு பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. “வாசனை போயிடுச்சி, இறங்கலாம்” என்று நினைக்கும் அந்த நேரம்தான் உயிர் போகும் நேரம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியிலேயே தேங்கிக் கிடக்கும். முதலில் இறங்கியவர் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரைப் பார்த்து மூன்றாமவர். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்த மாதிரித் தொட்டிக்குள் ஒருவரை இறக்கும் முன் காற்றைச் சோதித்து, ஆபத்தில்லை என்று தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்து நிற்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் ரத்தாகும் வரை தோல் பதனிடுதல் அதன் அபாயகரத் தொழில் பட்டியலிலும் இருந்தது. கயிறு ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை.

இறந்தபின் வரும் கணக்கைப் பாருங்கள். மலக்குழியிலோ பாதாளச் சாக்கடையிலோ இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. ஆனால் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டின் சட்டத்தில் செப்டிக் டேங்க் என்றால் மனித மலம் தேங்கும் தொட்டி என்றுதான் வரையறை. டேனரியின் கழிவுத்தொட்டியில் இருப்பது சுண்ணாம்பும் சல்பைடும் சதைத்துண்டும். வாயு ஒன்று, சாவு ஒன்று. தொட்டிக்குள் என்ன கிடந்தது என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. டேனரித் தொட்டியில் இறந்த முப்பது வயதுக்காரருக்கு, தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923 சட்டத்தின் கணக்கு அதிகபட்சம் எவ்வளவு வரும் என்று கீழே போட்டுக் காட்டுகிறேன். 30 லட்சத்தில் ஏறக்குறைய பாதி.

கணக்கு போடும் விதம்

இந்தியாவில் வேலையிட விபத்துக்கான அடிப்படைச் சட்டம் 1923-ல் வந்தது, 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. (2025 நவம்பரில் அது புதிய சட்டத்தொகுப்புக்குள் போனதைக் கடைசியில் சொல்கிறேன், இங்கே வரும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தின்படி.) வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றாலும் அதன் மையக் கருத்து இன்றைக்கும் பலருக்குப் புரியாத அளவு துணிச்சலானது: யார் தப்பு என்று கேட்கவே வேண்டாம். வேலை காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டதா, முதலாளி பணம் தர வேண்டும். “அவனே கையை விட்டான்”, “கவனமில்லாம இருந்தான்” என்று கம்பெனி சொல்வது சட்டப்படி பதிலே ஆகாது. போதையில் இருந்தது, பாதுகாப்புக்காகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புத் தகட்டை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவை விதிவிலக்குகள். அவையும் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது. மேலும், தகட்டைக் கழற்றியது தொழிலாளிதான் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். பல ஷாப்புகளில் தகடு கழற்றிய நாள் யாருக்கும் நினைவே இருக்காது.

தொகைக்கு மூன்று எண்கள் வேண்டும்: மாதச் சம்பளம், வயதுக்கான காரணி, ஊன சதவீதம். சாவு என்றால் சம்பளத்தில் 50 சதவீதம், நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதம், அதைக் காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98, நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வெகுகாலம் 4,000 ரூபாயாக இருந்து, 2010-ல் 8,000 ஆகி, 2020 ஜனவரி 3 முதல் 15,000 ஆனது.

முப்பது வயதுக்காரர், மாதம் 18,000 வாங்குகிறார் என்று வைப்போம். கணக்கில் 15,000 மட்டும். இறந்தால் 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். இரண்டு கையும் போய் உயிரோடு இருந்தால் 9,000 பெருக்கல் 207.98, 18,71,820. செத்தவரைவிட முடங்கியவருக்குக் கூடுதல். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கணக்கு நியாயமானது, முடங்கியவர் சாப்பிட வேண்டுமே.

விரல்களுக்குச் சட்டத்தின் அட்டவணை தனித்தனி விலை வைத்திருக்கிறது. ஒரு கையின் கட்டைவிரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரே கையில் இரண்டு விரல் 20, மூன்று விரல் 30, நான்கு விரல் 50. வலது கையா இடது கையா என்று அட்டவணை கேட்பதில்லை. மேலே சொன்னவருக்குக் கட்டைவிரல் போயிருந்தால் 18,71,820-ல் 30 சதவீதம், 5,61,546 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி. “ஆஸ்பத்திரி பில்லு பூரா நாங்கதான் கட்டினோம்” என்று கம்பெனி சொன்னால் நல்ல விஷயம், நன்றி சொல்லலாம். இழப்பீட்டில் அது கழியாது.

அட்டவணைச் சதவீதமே முடிந்த முடிவும் அல்ல. 1968-ல் ஒடிசாவில் ஒரு சினிமா கொட்டகைக்குள் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் விழுந்து, இடது கை முழங்கைக்கு அருகில் துண்டிக்கப்பட்டது. முழு ஊனத்துக்கு அவர் உரிமை கோர, முதலாளி தரப்பு அட்டவணையைக் காட்டிப் பகுதி ஊனம்தான் என்றது. சுப்ரீம் கோர்ட்டு வரை போன வழக்கு. ஒற்றைக் கையால் எந்தத் தச்சர் வேலை செய்ய முடியும், அவர் தொழிலைப் பொறுத்தவரை இது நூறு சதவீத ஊனம் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு தர வேண்டிய நாள் ஆணையர் உத்தரவு போடும் நாள் அல்ல, விபத்து நடந்த நாளே என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, சரியான காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். நம்முடைய கட்டைவிரல் கணக்கில் வட்டி மட்டுமே ஆண்டுக்கு 67,000 ரூபாயைத் தாண்டும்.

வேலூருக்கு இதில் ஒரு தனி நியாயம் இருக்கிறது. 1940-களின் கடைசியில் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றிவைத்து நிமிர்த்திக் காட்டினார். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவத் துறையை வளர்த்தெடுத்தார், பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறந்தது. கை என்பது எலும்பும் தோலும் மட்டுமில்லை, அந்த ஆளின் பிழைப்பும்கூட என்பதை மருத்துவ உலகுக்கே சொல்லிக்கொடுத்த ஊர். ஆனால் டாக்டர் சான்றிதழில் எழுதும் சதவீதம் உடல் எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்கிறது. சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. ஷேவிங் மிஷின்காரருக்கு ஆள்காட்டி விரல் போனால் அவர் இனி அந்த மிஷினில் நிற்க முடியாது, துப்புரவு வேலைக்குப் போவார், கூலி பாதியாகும். சான்றிதழில் 14 என்றுதான் இருக்கும். பாதிக் கூலியை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

சம்பளம் எந்தத் தாளில் எவ்வளவு

இப்போது அதே கட்டைவிரல் கணக்கில் சம்பளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். கையில் 18,000 வாங்குகிறார், பட்டியலில் 9,000 என்று இருக்கிறது. 5,400 பெருக்கல் 207.98, அதில் 30 சதவீதம்: 3,36,928. ஒரு சம்பளப் பட்டியல் 2,24,618 ரூபாயை விழுங்கிவிட்டது. பி.எஃப்., இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பங்கு குறையட்டும் என்று பட்டியலில் குறைத்து எழுதும்போது தொழிலாளியும் ஒத்துக்கொள்கிறார், பிடித்தம் போக மிச்சம் கூடும் என்பதற்காக. பிறகு ஒருநாள் அவருடைய விரலுக்கும் அதே பட்டியல்தான் விலை சொல்கிறது. பட்டியலே இல்லை என்றால், டேனரி வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியை வைத்து ஆணையர் கணக்கிட வாய்ப்புண்டு. எங்கள் ஊரில் வக்கீல்கள் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000-க்குள் என்றால் கதை இஎஸ்ஐ பக்கம் திரும்பும். தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். இஎஸ்ஐ உள்ளவர் 1923 சட்டத்தின் கீழ் மொத்தத் தொகை கேட்க முடியாது. அதற்குப் பதில் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம், நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு சொல்லும் சதவீதப்படி ஆயுள் முழுக்க மாதாமாதம், இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம் போலத் தொகை. வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

மொத்தமாக ஒரு தொகையா, மாதாமாதமா, எது நல்லது என்று என்னைக் கேட்டால் இரண்டாவது என்பேன். மொத்தமாக வந்த பணம் மகள் கல்யாணத்திலும் பழைய கடனிலும் கரைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இஎஸ்ஐயிலும் அடித்தளம் பட்டியல் சம்பளம்தான். நாளுக்கு 600 ரூபாய் என்று காட்டியிருந்தால் கட்டைவிரலுக்கு நாளுக்குச் சுமார் 162 ரூபாய், 300 என்று காட்டியிருந்தால் 81. இது ஆயுளுக்கும்.

விபத்து நடந்ததும் முதலாளி இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டால்? வாய்மொழியாகச் சொன்னாலும், தொழிற்கூடத்தின் விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொன்னாலும் அது தகவல்தான். அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சூப்பர்வைசரின் முகம் மாறும். முதலாளி சந்தாவே கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும் தொழிலாளிக்கு உரிமை போகாது, இஎஸ்ஐ கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது.

மேஸ்திரி யாருடைய ஆள்?

பெரிய டேனரிகளில்கூடப் பலர் கம்பெனி ஆளாக இருப்பதில்லை. மேஸ்திரி கூட்டிவந்த ஆள், மேஸ்திரியிடம் கூலி. அடிபட்டதும் கம்பெனி சொல்வது, “அவன் எங்க ரோல்ல இல்ல.” மேஸ்திரி சொல்வது, “நானே கூலிக்காரன்.” இருவருமே அரை உண்மை பேசுகிறார்கள். 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துச் செய்விக்கும் முதன்மை முதலாளி, நேரடியாக வேலைக்கு வைத்ததுபோலவே இழப்பீடு தர வேண்டும். அவர் வேண்டுமானால் பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். தொழிலாளி யாரைப் பிடிப்பது என்று அலைய வேண்டியதில்லை. அவர் காட்ட வேண்டியது அந்த வளாகத்தில், அந்தக் கம்பெனியின் வேலையைத்தான் செய்தேன் என்பதை. சக தொழிலாளி சாட்சி சொன்னால் போதும். சாட்சி சொன்னவருக்கு அடுத்த திங்கள்கிழமை வேலை இருக்குமா என்பதுதான் சிக்கல்.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் கசடு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஏன் வேலையிடத்திலேயே தூங்கினார்கள்? ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்கு ஷாப்புதான் வீடு, ஷிப்ட் முடிந்து படுக்க வேறு இடம் கிடையாது. தூங்கும்போது இறந்தால் வேலையில் இறந்ததாகுமா என்ற கேள்விக்கு, வேலை நிமித்தம் வளாகத்திலேயே தங்கவேண்டியிருந்தவரின் விஷயத்தில் கோர்ட்டுகள் வேலை என்பதன் எல்லையை நீட்டியே பார்த்துவந்திருக்கின்றன.

இந்த மாதிரிப் பெரிய விபத்துகளில் மறுநாளே ஓர் அறிவிப்பு வரும்: முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து இவ்வளவு லட்சம். பேப்பரில் படிப்பவர்கள் இழப்பீடு கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். குடும்பத்தாரே அப்படி நம்பி ஊருக்குக் கிளம்பிவிடுவதும் உண்டு. நிவாரணம் அரசு இரக்கத்தில் கொடுப்பது, இழப்பீடு முதலாளி கடன்பட்டது. நிவாரணம் வாங்கினால் கடன் அடைந்துவிடாது. தோல் பதனிடும் தொழிலாளர் நலவாரியத்தில் வரும் உதவித்தொகைக்கும் இதே பதில்தான்.

இறந்தவருக்கான இழப்பீட்டில் இன்னொரு முக்கியமான விதி. முதலாளி பணத்தை நேராக விதவையின் கையில் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும். நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது, மூன்று மாதச் சம்பள அளவு முன்பணம் மட்டும் விலக்கு. பஞ்சாயத்தில் ஊர்ப்பெரியவர்கள் முன்னால் கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுத்து, வெற்றுப் பேப்பரில் ரேகை வாங்கும் சடங்கைத் தடுப்பதற்காக 1923-லேயே யோசித்து வைத்த விதி இது. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. சடங்கு இன்னும் நடக்கிறது.

மெதுவாக வரும் காயம்

இதுவரை சொன்னது ரத்தம் தெரியும் காயம். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டைப் பதனீடுதான் பிரதானம். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்த பிறகு குரோம் முறை பெருகியது. டேனரியில் புழங்கும் குரோம் உப்பு, தோலில் அரிப்பையும் ஆறாத புண்ணையும் தரும். அதைவிடப் பல மடங்கு கொடியது குரோமியத்தின் இன்னொரு வடிவமான அறுதிறன் குரோமியம். அது மூக்கின் நடுச்சுவரையே துளைத்துவிடும். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நிலத்தடி நீர் மஞ்சளாக வந்ததைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கழிவை அள்ளிக் கொட்டிய கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1923 சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய் இருக்கிறது. அப்படிப்பட்ட வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், விபத்தில் அடிபட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. கல்தூசியால் குவாரிக்காரர்களுக்கு வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸும் பட்டியலில் உண்டு. இவ்வளவு சாதகமான விதி இருந்தும் இந்த வழியில் வழக்குப் போட்டவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. புண்ணுக்கு மருந்துக்கடையில் களிம்பு வாங்குகிறார்கள். டாக்டரிடம் போனாலும் “என்ன வேலை செய்யறீங்க?” என்று கேட்டு அதைச் சீட்டில் எழுதும் டாக்டர் அமைய வேண்டும்.

டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த விஷயத்தில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கிய தீர்ப்பு. பாதிக்கப்பட்ட விவசாயிகளை அடையாளம் கண்டு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. அது விவசாயிகள் போராடிப் பெற்ற உரிமை, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தக் கழிவு நிலத்தைத் தொடும் முன் முதலில் தொட்டது டிரம்முக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றவரை. அவருக்கு 1923 சட்டம் மட்டும்தான்.

வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்களுக்கு அதுவும் கைக்கு எட்டாது. ஆம்பூரைச் சுற்றிய கிராமங்களில் ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கிவந்து, திண்ணையில் உட்கார்ந்து ஊசி ஏற்றுகிறார்கள். கண் மங்கும், விரல் மரக்கும், முதுகு போகும். இஎஸ்ஐ எண் கிடையாது, விபத்துப் புத்தகம் கிடையாது. மூட்டை கொண்டுவரும் அக்காவுக்கு அப்பால் முதலாளி யார் என்பதே பலருக்குத் தெரியாது.

2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆணையர் இடத்தில் ‘தகுதியுள்ள அதிகாரி’ வருகிறார். தவறைக் கேட்காத பொறுப்பு, வயதுக் காரணி, விரல் அட்டவணை எல்லாம் பெரும்பாலும் பழைய வடிவிலேயே உள்ளே இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே கருதப்படும் என்பது எல்லோருக்கும் விரிந்திருக்கிறது. முன்பு சட்ட எழுத்தில் இஎஸ்ஐக்காரர்களுக்கு மட்டும் 2010 முதல் இருந்தது. விடியற்காலையில் பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கு ஓடும் வேன்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விரிவின் அருமை தெரியும்.

என் சித்தப்பா கதையைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 2006-ல் அவர் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும், பிறர் தோலைக் கூலிக்கு வேலைசெய்து கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் ஷாப்பில் ஷேவிங் மிஷின் ஓட்டினார். பெயர் வேண்டாம், ஷாப்பும் இப்போது இல்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரிச் சீட்டில் வீட்டில் அரிவாள் பட்டதாக எழுதியிருந்தது. முதலாளி நல்ல மனிதர் என்றுதான் சித்தப்பா இன்றும் சொல்வார். பில் கட்டினார், வீட்டுக்கு வந்து பார்த்தார், 10,000 ரூபாய் கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இடது கையால் போட்ட கையெழுத்து. அப்போது அவருக்கு 35 வயது, சம்பளம் 3,500. 35 வயதுக்குக் காரணி 197.06. சென்ற வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது பில்லுக் காகிதத்தின் பின்னால் கணக்கைப் போட்டுக் காட்டினேன்: 2,100 பெருக்கல் 197.06, அதில் இருபது சதவீதம், 82,765 ரூபாய், வட்டி தனி. அந்தக் கையெழுத்து செல்லாது என்பதையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப போட்டா எடுத்துக்குவாங்களாப்பா?” என்றார்.

இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தாமதத்துக்குப் போதுமான காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஆணையர் ஏற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. “எனக்குத் தெரியாதுன்றது காரணமாவாதா?” என்று கேட்டார். அது ஆணையரைப் பொறுத்தது சித்தப்பா என்றேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.